கைப்பேசிப் படம் நோயைச் சொல்லுமா?

கேள்வி: என் மகளின் தோலில் அவ்வப்போது தடிப்புகள் தோன்றுகின்றன, மருத்துவரிடம் செல்வதற்குள் மறைந்துவிடுகின்றன. அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டலாமா? படத்தை மட்டும் வைத்தே நோய் இன்னதென்று கண்டறிய முடியுமா?

பதில்: தாராளமாகக் காட்டலாம். ஒவ்வாமைத் தடிப்புகள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சுவடின்றி மறைந்துவிடுவதால், அவற்றை மருத்துவர் நேரில் காண்பதே அரிது. ஃபிளாஷைத் தவிர்த்துப் பகல் வெளிச்சத்தில், தோலை மெருகேற்றிக் காட்டும் ஃபில்டர்களை அணைத்துவிட்டு, உடலின் எந்தப் பகுதி என்று தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று ஒரு படமும், பக்கத்தில் அளவுகோலை வைத்து நெருக்கத்தில் ஒரு படமும் எடுங்கள். கருநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகப் புலப்படாது என்பதால், அரிப்பையும் வீக்கத்தையும் வாய்மொழியாகவும் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் படத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் நிறம் மங்காத செந்நிற, ஊதாநிறப் புள்ளிகள் தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருப்பதைக் குறிக்கும். அவற்றோடு காய்ச்சலும் இருந்தால், படத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

படத்தைக் கொண்டே நோயைக் கண்டறிந்த முயற்சிகளும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேனியல் ஃபிளெட்சர் குழுவினர் 2009இல் கைப்பேசிக் கேமராவோடு நுண்ணோக்கி வில்லைகளைப் பொருத்தி, மலேரியா ஒட்டுண்ணியையும் காசநோய்க் கிருமியையும் படமெடுத்துக் காட்டினர். 2015இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வோ இன்னும் நுட்பமானது. பார்வையைப் பறிக்கக்கூடிய புழுத்தொற்றான ஆற்றுக் குருட்டு நோய்க்குத் தரப்படும் ஐவர்மெக்டின் மருந்து, லோவா லோவா என்னும் கண்புழுவின் இளம்புழுக்கள் இரத்தத்தில் மிகுந்திருப்பவர்களுக்கு மூளைப் பாதிப்பை உண்டாக்கக்கூடும். ஃபிளெட்சர் குழுவினர் உருவாக்கிய கருவியில் விரல் நுனி இரத்தத்தைக் கைப்பேசி காணொளியாகப் பதிவு செய்ய, புழுக்கள் நெளியும்போது சுற்றியுள்ள இரத்த அணுக்கள் இடம்பெயர்வதைக் கொண்டே மென்பொருள் புழுக்களைக் கணக்கிட்டுவிடுகிறது. அந்த நபருக்கு மருந்து கொடுக்கலாமா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது.

அங்கே தேடப்படுவது ஒரே ஒரு புழு. அதற்கென்றே செய்த கருவியும் உண்டு. தோல் நோய்களோ நூற்றுக்கணக்கானவை, ஒன்றைப்போல் மற்றொன்று தோற்றம் காட்டுபவை. ஆகவே, படமெடுத்தவுடன் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகளை நம்பி மருந்து வாங்கிவிடாதீர்கள். தடிப்பு வந்த நாள், நேரம், அதற்குமுன் உண்ட உணவு அல்லது மருந்து ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படங்களோடு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.