பத்து வயதான காரும் பழைய மோட்டார்சைக்கிளும்: வாசகர் கேள்விகள்

என் காருக்கு அடுத்த ஆண்டு பத்து வயது. சோதனையில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. புகையே விடாத வண்டியை எதற்குக் கழிக்க வேண்டும்? (ஈசூன் வாசகர்)

புகைக்காக அல்ல. 1990 மே மாதம் சிங்கப்பூரில் சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் வந்ததே சாலையில் வண்டிகளின் எண்ணிக்கையை அடக்கத்தான். நீங்கள் காரோடு சேர்த்து வாங்கியது பத்தாண்டு ஓட்டும் உரிமை. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளர அனுமதிக்கும் விகிதம் பூஜ்யம். ஆகவே பெரும்பாலும் ஒரு கார் போனால்தான் இன்னொன்றுக்கு இடம். புகையைப் பார்ப்பது சோதனை நிலையத்தின் வேலை: மூன்று வயது முதல் பத்து வயதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும்.

கழித்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கடைசி மூன்று மாதச் சராசரி சிஓஇ விலையைக் கட்டினால் தொடர்ந்து ஓட்டலாம். ஆனால் புதுப்பித்தால் பார்ஃப் கழிவு, அதாவது பத்தாண்டுக்குள் காரின் பதிவை ரத்துசெய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை, போய்விடும். சாலை வரியும் முதலில் 10 விழுக்காடு கூடி, படிப்படியாக 50 வரை ஏறும். சட்டம் விட்டாலும் கணக்கு விடாது. இடநெருக்கடிக்காக எடுத்த முடிவை இடநெருக்கடி என்றே சொல்ல வேண்டும். அதற்குப் பச்சைச் சாயம் பூசக்கூடாது.

ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பதா, பத்தாண்டுக்கா? (பிடோக்)

ஐந்தாண்டு எடுத்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. இந்த ஒன்றை மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

டெல்லியில் இருக்கும் அண்ணன் 12 வயது டீசல் கார் வைத்திருக்கிறார். அங்கே மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்? (செங்காங் வாசகி)

இங்கே கெடு என்னவென்று காரை வாங்கும் நாளிலேயே தெரியும். டெல்லியில் பாதி வழியில்தான் சொன்னார்கள். டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற வரம்பை முதலில் பசுமைத் தீர்ப்பாயம் விதித்தது, 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் பதிவின்போது 15 ஆண்டுக்கு வரி கட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் கிடையாது என்றதும் நடுத்தர வர்க்கம் கொதித்தது. சில நாள்களிலேயே அரசு பின்வாங்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 (பிஎஸ் என்பது இந்தியாவின் வாகனப் புகைத் தரம்), அதற்கு மேற்பட்ட வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. உங்கள் அண்ணன் பதிவுப் புத்தகத்தில் பார்க்க வேண்டியது அந்த பிஎஸ் எண்ணைத்தான்.

டெல்லியின் காற்று மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஓர் அரசு, ஏற்கெனவே வாங்கிய பொருளின் ஆயுளை இழப்பீடு தராமல் குறைத்தால் அது நிலைக்காது.

இங்கே கழிக்கும் கார்கள் எங்கே போகின்றன? (ஜூரோங்)

பதிவை ரத்துசெய்த ஒரு மாதத்துக்குள் உடைக்க வேண்டும் அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும். ஏற்றுமதியான கார் வேறு ஊரில் ஓடத்தான் செய்யும். 2009இல் பழைய காரை ஒப்படைத்துப் புதுக் கார் வாங்குவோருக்கு மானியம் தந்த அமெரிக்கா நேர்மாறாகச் செய்தது. அந்தப் பழைய கார்களின் எண்ணெயை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இன்ஜின் இறுகி நிற்கும்வரை ஓடவிட்டார்கள். கிட்டத்தட்ட 300 கோடி டாலர் செலவு. அதன் நோக்கத்தில் பாதி, தள்ளாடிய கார் தொழிற்சாலைகளைத் தூக்கிநிறுத்துவது. கார் தொழிலைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி நமக்கு இல்லை.

2003க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். என்ன ஆகும்? (உட்லண்ட்ஸ்)

2003 ஜூலை 1க்கு முன் பதிவானது என்றால் 2028 ஜூன் 30 வரைதான். இது உண்மையிலேயே புகைக்காக வந்த விதி, அதை நான் ஆதரிக்கிறேன். முன்கூட்டியே ஒப்படைத்தவர்களுக்கு அதிகபட்சம் 3,500 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தார்கள். அந்தத் திட்டம் 2023 ஏப்ரலில் முடிந்துவிட்டது. அதற்குள் மோட்டார்சைக்கிள் சிஓஇ பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியிருந்தது. அந்தத் தொகை எந்த மூலைக்கு? பைக்கை நம்பிப் பிழைப்பவர்களுக்காவது 2028க்குள் இன்னொரு உதவித்திட்டம் வேண்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் இதைக் கேளுங்கள். பதிவு அட்டையையும் சம்பளச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.