பயன்பாடு 20 சதவீதம், ஆனாலும் மெதுவாக ஓடுகிறது: மெய்நிகர் இயந்திரங்கள் குறித்த கேள்வி பதில்

நிறுவனத் தரவு மையங்களில் மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள்போல ஓடுபவை) பராமரிப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் தரவுத்தள சர்வர் 8 விசிபியு (மெய்நிகர் செயலி) கொண்ட மெய்நிகர் இயந்திரம். அதன் சிபியு பயன்பாடு சராசரியாக 20 சதவீதம்தான். அதைத் தாங்கும் மெய்யான கணினியான ஹோஸ்டின் பயன்பாடும் பாதியளவே இருக்கிறது. ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்று பயனர்கள் நாள்தோறும் முறையிடுகிறார்கள். விசிபியுவை 16 ஆக உயர்த்தலாமா?

பதில்: உயர்த்த வேண்டாம், பெரும்பாலும் நிலைமை இன்னும் மோசமாகும். பயன்பாட்டுச் சதவீதம் இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை மட்டுமே சொல்லும். ஓடத் தயாராக இருந்தும் கோர் (மெய்யான செயலியின் கணிப்பு அலகு) கிடைக்காமல் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்பதை அது சொல்லாது. விஎம்வேர் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் அந்தக் காத்திருப்புக்கு ‘சிபியு ரெடி’ என்று பெயர். அதன் மேலாண்மைக் கருவியான விசென்டரின் நிகழ்நேர வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 20 விநாடியைக் குறிப்பதால், 20,000 மில்லிவிநாடிக்கு எத்தனை மில்லிவிநாடி காத்திருப்பு என்று கணக்கிட வேண்டும். உங்கள் இயந்திரத்தின் மொத்த ரெடி மதிப்பு 12,800 என்று வைத்துக்கொள்வோம். அதை 20,000 ஆல் வகுத்தால் 64 சதவீதம்; அது எட்டு விசிபியுவுக்கும் சேர்ந்த தொகை என்பதால், ஒன்றுக்கு 8 சதவீதம். விசிபியு ஒன்றுக்கு 5 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்கத் தொடங்குவதும், 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே கைவைப்பதும் என் வழக்கம்.

விசிபியு கூடக்கூட இன்னொரு சிக்கலும் வருகிறது. ஒரே இயந்திரத்தின் விசிபியுக்களில் சில முன்னே ஓடி, சில கோர் கிடைக்காமல் பின்தங்கினால், பின்தங்கியவை எட்டிப் பிடிக்கும்வரை ஹைப்பர்வைசர் (ஹோஸ்டின் வளங்களை இயந்திரங்களுக்குப் பங்கிடும் மென்பொருள்) முன்னே ஓடியவற்றை நிறுத்தி வைக்கும். ‘கோ-ஸ்டாப்’ என்ற அளவீட்டில் தெரிவது இதுதான். எட்டில் 20 சதவீதம் என்பது ஏறத்தாழ 1.6 கோரின் வேலை. உச்ச நேர அளவீடுகளையும் பார்த்து, அவை இடம் தந்தால், விசிபியுவை 4 ஆகக் குறைத்துப் பாருங்கள்.

அதற்கு முன் இயந்திரத்தின் அமைப்புகளில் சிபியு வரம்பு எதுவும் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெம்ப்ளேட்டில் (புதிய இயந்திரங்களை உருவாக்க வைத்திருக்கும் அச்சு) யாரோ என்றோ வைத்த வரம்பு, அதிலிருந்து பிறந்த எல்லா இயந்திரங்களோடும் ஒட்டிக்கொண்டே வரும். அந்த வரம்பினால் நேரும் காத்திருப்பும் ரெடி கணக்கிலேயே சேர்வதால், ஹோஸ்ட் காலியாக இருக்கும்போதே இயந்திரம் மட்டும் திணறும். ஹோஸ்டின் அளவீடுகளைக் காட்டும் ஈஎஸ்எக்ஸ்டாப் கருவியில் ‘எம்எல்எம்டிடி’ என்ற நெடுவரிசையைப் பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

கேள்வி: நாங்கள் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் பயன்படுத்துகிறோம். இதே காத்திருப்பை எங்கே பார்ப்பது?

பதில்: லினக்ஸ் கெஸ்டுக்குள் (மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளே ஓடும் இயங்குதளம்) ‘டாப்’ கட்டளையை ஓட்டி, சிபியு வரியின் கடைசியில் உள்ள ‘எஸ்டி’ மதிப்பைப் பாருங்கள். ‘ஸ்டீல்’ என்பதன் சுருக்கம் அது. உங்கள் கெஸ்டுக்கு வேலை இருந்தும், கோரை வேறு யாரோ வைத்திருந்த நேரம் அது.

கேள்வி: ஒரு கோருக்கு எத்தனை விசிபியு வரை ஒதுக்கலாம்? ஆளுக்கு ஒரு விகிதம் சொல்கிறார்கள்.

பதில்: எல்லா இடத்துக்கும் பொருந்தும் விகிதம் கிடையாது. பொதுவான அலுவலகப் பயன்பாடுகளுக்கு நான் 1:4 என்று தொடங்கி, ரெடி மதிப்பைப் பார்த்தபடி மெல்ல ஏற்றுவேன். சுமை மிகுந்த தரவுத்தளங்களுக்கு 1:1 ஐ விட்டு அதிகம் விலகமாட்டேன். கணக்கிடும்போது மெய்யான கோர்களை மட்டும் எண்ணுங்கள். ஹைப்பர்த்ரெடிங் ஒரு கோரை இரண்டாகக் காட்டினாலும், இரண்டு கோரின் வேலையை அதனால் தர முடியாது.

கேள்வி: ஜாவா பயன்பாடு ஓடும் இயந்திரத்துக்கு 64 ஜிபி ரேம் கொடுத்திருக்கிறோம். விசென்டரில் ‘ஆக்டிவ்’ நினைவகம் 6 ஜிபி என்றே காட்டுகிறது. மீதியைப் பிடுங்கி வேறு இயந்திரங்களுக்குத் தந்துவிடலாமா ஐயா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பிப் பிடுங்க வேண்டாம். ‘ஆக்டிவ்’ என்பது அண்மையில் தொடப்பட்ட நினைவகப் பக்கங்களை மாதிரி எடுத்து மதிப்பிடும் கணிப்பு. ஜாவா தன் தரவை வைக்கும் நினைவகப் பகுதியான ஹீப்பில் பெரும்பகுதி நெடுநேரம் தொடப்படாமல் கிடக்கலாம். ஆனால் குப்பை சேகரிப்பு (தேவையற்ற தரவை ஜாவா அகற்றுவது) முழுமையாக ஓடும்போது ஹீப் முழுவதையும் அது நடந்து பார்க்கும். அந்த நேரத்தில் பாதிப் பக்கங்கள் ஸ்வாப்பில் (நினைவகத்திலிருந்து வட்டுக்குத் தள்ளப்பட்ட பகுதி) இருந்தால் பயன்பாடு உறைந்து நிற்கும். தரவுத்தளங்களின் தற்காலிகச் சேமிப்பு நினைவகத்துக்கும் இது பொருந்தும்.

நினைவகம் பற்றாக்குறையாகும்போது விஎம்வேரின் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐ முதலில் பலூனிங் (கெஸ்டிடமிருந்தே நினைவகத்தைத் திரும்பப் பெறுதல்), பிறகு சுருக்குதல், கடைசியாக ஹோஸ்ட் அளவிலான ஸ்வாப் என்ற வரிசையில் இறங்குகிறது. பலூன் உப்பும்போது எந்தப் பக்கத்தை விடுவது என்று கெஸ்டே முடிவு செய்கிறது. ஆகவே சேதம் குறைவு. ஹோஸ்ட் ஸ்வாப்புக்கு எந்தப் பக்கம் முக்கியம் என்று தெரியாது. எனவே ஜாவா இயந்திரத்துக்கு ஹீப்பின் அளவையும், அதற்கு வெளியே ஜாவா எடுக்கும் நினைவகத்தையும், இயங்குதளத்தின் தேவையையும் கூட்டி, வரும் தொகைக்கு ரேமைக் குறைத்து, அந்த அளவு முழுவதையும் அதற்கென்றே முன்பதிவு செய்யுங்கள். ஹீப் 24 ஜிபி என்றால், 64 ஜிபி தேவையில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: நூமா என்பதைப் பற்றி நாங்கள் கவலைப்பட வேண்டுமா?

பதில்: பெரிய இயந்திரங்களுக்கு மட்டும். நூமா அமைப்பில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும், அதாவது செயலிச் சில்லுக்கும், அருகே தனி நினைவகம் உண்டு; இரண்டும் சேர்ந்தது ஒரு முனை. சாக்கெட்டுக்கு 16 கோர், 256 ஜிபி என இரு சாக்கெட் கொண்ட ஹோஸ்டில், 14 விசிபியுவும் 200 ஜிபியும் கொண்ட இயந்திரம் ஒரே முனையில் அடங்கிவிடும். அதையே 20 விசிபியு ஆக்கினால் இரண்டு முனைகளிலும் பரவி, அடுத்த சாக்கெட்டின் நினைவகத்தை எட்டிப் படிக்க வேண்டிவரும். அது தன் பக்கத்து நினைவகத்தைவிட மெதுவானது.

கேள்வி: பேட்ச் போடும் முன் ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் அந்நேர நிலையின் பதிவு) எடுக்கிறோம். பேக்கப்புக்குப் பதிலாக அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஸ்னாப்ஷாட் எடுத்தபின் நிகழும் மாற்றங்கள் தனி டெல்டா வட்டில் எழுதப்படுகின்றன. அடிப்படை வட்டு கெட்டால் டெல்டாவால் ஒரு பயனும் இல்லை. இரண்டும் ஒரே டேட்டாஸ்டோரில் (இயந்திரங்களின் வட்டுகள் இருக்கும் சேமிப்பகம்) கிடக்கும்போது அதைப் பேக்கப் என்று எப்படிச் சொல்வது? ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரே தரும் அறிவுரை.

நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், வெள்ளிக்கிழமை மாலை பேட்சுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றை அழிக்க மறந்துவிட்டோம். ஐந்து மாதம் கழித்து டெல்டா வட்டு வளர்ந்து டேட்டாஸ்டோரை நிரப்பியது; அதில் இருந்த இயந்திரங்கள் எழுத இடமின்றி ஒவ்வொன்றாக நின்றன. ஸ்னாப்ஷாட்டை ஒருங்கிணைக்கலாம் என்றால், அதற்கும் கொஞ்சம் காலி இடம் தேவைப்பட்டது. கடைசியில் கைகொடுத்தது ஸ்வாப் கோப்பு. முன்பதிவு செய்யாத ரேமின் அளவுக்கு ஒவ்வொரு இயந்திரமும் ஒரு ஸ்வாப் கோப்பை வைத்திருக்கும். இயந்திரத்தை அணைத்தால் அது நீங்கிவிடும். 32 ஜிபி ரேம் கொண்ட இரண்டு சோதனை இயந்திரங்களை அணைத்தோம். 64 ஜிபி கிடைத்தது. ஒருங்கிணைப்பு முடிய விடிந்துவிட்டது. மறுநாளே, மூன்று நாளைத் தாண்டிய ஸ்னாப்ஷாட்டுகளைப் பட்டியலிட்டுக் காலையில் அஞ்சல் அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன்.

கேள்வி: நான்கு ஹோஸ்ட் கொண்ட கிளஸ்டரில் நினைவகப் பயன்பாடு 85 சதவீதம். ஹெச்ஏ (விழுந்த ஹோஸ்டின் இயந்திரங்களை மற்ற ஹோஸ்டுகளில் மீண்டும் தொடங்கும் வசதி) இயக்கப்பட்டிருப்பதால் கவலை இல்லைதானே?

பதில்: கவலைப்பட வேண்டும். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் மீதி மூன்றில் இருப்பது மொத்தக் கொள்ளளவில் 75 சதவீதம். 85 ஐ அதற்குள் திணிக்க முடியாது. அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கும் அட்மிஷன் கன்ட்ரோல் முன்பதிவுகளையே பெரும்பாலும் எண்ணுகிறது என்பதால், முன்பதிவே இல்லாத இயந்திரங்கள் நிறைந்த கிளஸ்டரில் அது பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்த இரண்டு இயந்திரங்களும் ஒரே ஹோஸ்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவற்றைப் பிரித்து வைக்கும் விதியை எழுதாவிட்டால், சுமையைச் சமன்செய்ய இயந்திரங்களை இடம் மாற்றும் டிஆர்எஸ் என்றாவது அவற்றைச் சேர்த்து வைத்துவிடும்.

கேள்வி: யாருடையவை என்றே தெரியாத இயந்திரங்கள் ஏராளம். எப்படிக் களைவது?

பதில்: முதலில் நெட்வொர்க் கார்டை மட்டும் துண்டியுங்கள். யாராவது கூச்சலிட்டால் ஒரு சொடுக்கில் திருப்பித் தரலாம். கூச்சல் இல்லையென்றால் அணைத்து வையுங்கள். காலாண்டு முடிவிலும் நிதியாண்டு முடிவிலும் மட்டும் ஓடும் வேலைகள் உண்டு என்பதால், அவை கடந்த பிறகே பேக்கப் எடுத்து அழியுங்கள்.

கேள்வி: விஎம்வேரிலிருந்து கேவிஎம் அடிப்படையிலான தளத்துக்கு மாறச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி. மாறலாமா? மாற்றும்போது எது கடிக்கும்?

பதில்: 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறிய பிறகு, இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் எழுந்திருக்கிறது. ஹைப்பர்வைசர் என்ற அளவில் கேவிஎம் முதிர்ந்தது. 2007 முதல் லினக்ஸ் கெர்னலின் பகுதியாக இருந்து வருகிறது. தயக்கம் இருக்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள பேக்கப், கண்காணிப்பு, சேமிப்பக இணைப்பு ஆகியவற்றில். அவை மூன்றும் புதிய தளத்தில் ஓடுவதைச் சோதனையில் பார்க்காமல் தேதி கொடுக்காதீர்கள். உரிமத்துக்குக் கோர் எண்ணிக்கையே அடிப்படை என்பதால், மேலே சொன்ன களையெடுப்பையும் விசிபியுக் குறைப்பையும் முதலில் செய்தால், தேவைப்படும் ஹோஸ்டுகளே குறையக்கூடும். அந்தக் கணக்கை மேலிடத்திடம் காட்டிவிட்டு முடிவெடுக்கலாம்.

கடிப்பது பெரும்பாலும் விண்டோஸ்தான். விர்ட்ஐஓ (கேவிஎம்மில் வட்டு, நெட்வொர்க் போன்றவற்றுக்கான மெய்நிகர் சாதன வகை) டிரைவர் இல்லாத விண்டோஸ் வட்டை விர்ட்ஐஓவில் இணைத்துப் பூட் செய்தால், பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்று நீலத்திரை வரும். மாற்றுவதற்கு முன்பே டிரைவர்களை நிறுவுங்கள். மாற்றியபின் முதல் முறை வழக்கமான சாட்டா வட்டாகவே பூட் செய்து, கூடவே 1 ஜிபி அளவில் ஒரு வெற்று விர்ட்ஐஓ வட்டை இணையுங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொண்டு டிரைவரை ஏற்றிய பிறகு, அணைத்து, சி டிரைவையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றிப் பூட் வரிசையைச் சரிபாருங்கள். நெட்வொர்க் கார்டும் புதிதாகத் தெரியும் என்பதால் நிலையான ஐபி முகவரி போய்விடும். மாற்றத் தொடங்கும் முன்பே அதைக் குறித்து வையுங்கள்.