கேள்வி–பதில்: மாமனாரின் டேட் கேசட்டுகள்

கேள்வி: என் மாமனார் தொண்ணூறுகளில் சபா கச்சேரிகளை டேட் எனப்படும் டிஜிட்டல் ஆடியோ டேப்பில் பதிவு செய்து வைத்திருக்கிறார். சீட்டுக்கட்டைவிடச் சின்ன கேசட்டுகள், நாற்பது தேறும். அவற்றைப் போட்டுக் கேட்கும் அவருடைய டெக் எப்போதோ போய்விட்டது. பழைய டெக் ஒன்றை வாங்கி ஒரு கேசட்டைப் போட்டேன். பாட்டு வருகிறது, ஆனால் வெட்டி வெட்டி விழுகிறது, சில இடத்தில் சத்தமே இல்லை. கெட்டது டேப்பா, டெக்கா? – வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தக் கேசட்டை வெளியே எடுங்கள். குணம் தெரியாத டெக்கில் மாமனாரின் கச்சேரியைப் போட்டுப் பார்க்கக் கூடாது, போனாலும் கவலையில்லாத ஒரு டேப்பைத்தான் போட வேண்டும். அதுவும் வெட்டினால் டெக்கில் கோளாறு.

பெரும்பாலும் அழுக்குதான். சாதாரண கேசட்டில், டேப்பைப் படிக்கும் ஹெட் அழுக்கானால் ஒலி மந்தமாகும், நமக்கும் தெரிந்துவிடும். டேட் அப்படி இல்லை. உள்ளே 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் என்ற உருளை நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது, டேப்போ நொடிக்கு 8 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. டிரம்மில் இருக்கும் இரண்டு சின்ன ஹெட்டுகள் டேப்பின் குறுக்கே சாய்வாக எழுதும் கோடுகள் தலைமுடியைவிட மெல்லியவை. படிப்பதில் பிழை வந்தால் டெக் தானே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும், அதனால் அழுக்கு ஏறிக்கொண்டே இருந்தாலும் காதுக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் கணக்குக்கு அடங்காமல் போய், நேற்றுவரை நன்றாகப் பாடிய டெக் இன்று கரகரக்கும்.

டேட் டெக்குக்கென்றே வரும் உலர் கிளீனிங் கேசட் கிடைத்தால் பத்து விநாடி ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கிடைக்காவிட்டால் மூடியைக் கழற்றி, மெல்லிய தோல் ஒட்டிய குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, அதை டிரம்மின் மேல் அசையாமல் லேசாக வைத்துக்கொண்டு, டிரம்மை மேலிருந்து விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பஞ்சு வேண்டவே வேண்டாம், நூல் ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். பயமாக இருந்தால் பழைய வீடியோ டெக் பழுது பார்த்தவர் யாராவது இருந்தால் கொடுங்கள், இரண்டும் ஒரே வம்சம்தான்.

சுத்தம் செய்த பிறகு மற்ற டேப்பெல்லாம் நன்றாகப் பாடி, மாமனாரின் டேப் மட்டும் வெட்டினால், அவருடைய பழைய டெக்கின் அமைப்பே சற்று விலகி இருந்திருக்கலாம். விவரம் தெரிந்த மெக்கானிக் உங்கள் டெக்கில் டேப் ஓடும் பாதையைப் பிடித்து நிறுத்தும் கைடுகளை அந்த டேப்புக்கு ஏற்றபடி திருப்பிப் பார்ப்பார். இது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

எல்லாம் சரியானதும் கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, பிறகு ஒரே தடவை பிளே செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். டெக்கின் டிஜிட்டல் அவுட்டிலிருந்து எடுங்கள், ஹெட்போன் துளையிலிருந்து அல்ல. கம்ப்யூட்டரில் செருகும் ஆடியோ கருவியின் கிளாக், அதாவது அதன் நேரக்கணக்கு, டெக்கைப் பின்பற்றும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும், நீங்கள் டேப்பைத் திட்டுவீர்கள். நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்து எழுதியது என்பது 48, 44.1, 32 கிலோஹெர்ட்ஸ் என்று டேப்புக்கு டேப் மாறலாம், எது இருக்கிறதோ அதிலேயே எடுங்கள். டெக்கின் திரையில் எம்ஃபசிஸ் என்று காட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். பதிவின்போது மேல் ஸ்தாயியைத் தூக்கி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம், கம்ப்யூட்டரில் அதை இறக்காவிட்டால் வயலின் கீச்சென்று ஒலிக்கும்.

இரண்டு மணி நேர டேப்புக்கு இரண்டு மணி நேரம் உட்காரத்தான் வேண்டும், குறுக்குவழி இல்லை. நாற்பது கேசட் என்றால் எண்பது மணி நேரம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள், கச்சேரிதானே.

கேள்வி: வீட்டில் ஒரு டேட் டெக் இருக்கிறது. கோயிலில் நாதஸ்வரம் பதிவு செய்ய ஆசை. கேசட்டில் செய்வது போல ஊசி சிவப்பைத் தொடும்படி லெவல் வைக்கலாமா? – வாசகர், திருவாரூர்

பதில்: கூடாது. இங்கே மீட்டரில் பூஜ்ஜியம்தான் கூரை, அதற்கு மேல் இடமே இல்லை. கேசட்டில் கொஞ்சம் மிஞ்சினால் ஒலி தடித்துக் கேட்கும், சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். இதில் பட்டென்று உடையும். தவில்காரர் ஒத்திகையில் தட்டுவதை நம்பாதீர்கள், தனி ஆவர்த்தனத்தில் கை வேறு மாதிரி இறங்கும். மீட்டர் மைனஸ் பன்னிரண்டு டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள்.

இன்னொன்று, பதிவை நிறுத்தித் தொடங்கும்போது நடுவில் வெற்று டேப் விடாதீர்கள். டேப்பின் நேரக்கணக்கு அங்கே அறுந்துவிடும், பிறகு பாட்டைத் தேடும்போது டெக் திணறும். இடைவெளி வேண்டுமானால் மௌனத்தையே பதிவு செய்யுங்கள்.

ஏசி அறையில் இருந்த டெக்கை நேராக மண்டபத்துக்குத் தூக்கிப் போய் உடனே டேப்பைப் போட்டு நான் ஒரு கல்யாணக் கச்சேரியையே இழந்திருக்கிறேன். டிரம்மில் ஈரம் படிந்து டேப் அதில் ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரமாவது வெளியே வைத்துப் பழக்கிய பிறகு டேப்பைப் போடுங்கள்.

கேள்வி: புது டேட் டேப் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் பேக்அப்புக்கு வந்த டிடிஎஸ் (DDS) டேப் போடலாமா? – வாசகர், மதுரை

பதில்: 60 மீட்டர் டேப்பைப் போடலாம், இரண்டு மணி நேரம் ஓடும். 90 மீட்டர் டேப் இன்னும் மெல்லியது, சில டெக்குகள் அதைக் கசக்கிவிடும்.

கேள்வி: இப்போது டேட் டெக் வாங்கலாமா? – வாசகர், சென்னை

பதில்: பழைய டேப் கையில் இருந்தால் வாங்கலாம். சோனி இந்த ரெக்கார்டர்களைக் கொண்டுவந்தது 1987-இல், நிறுத்தியது 2005-இல். உதிரிபாகம் இனி வராது. புதிதாகப் பதிவு செய்ய மட்டும் என்றால், மெமரி கார்டு போடும் சின்ன ரெக்கார்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.