எஃப்5 வேலை செய்கிறது, வெளிச்சம் மட்டும் ஏறவில்லை: லினக்ஸ் லேப்டாப் கேள்வி-பதில்

கேள்வி: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் ஆபீஸ் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டேன். எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்தினால் சத்தம் கூடுகிறது, குறைகிறது. ஆனால் ஸ்கிரீன் வெளிச்சத்துக்கான எஃப்5, எஃப்6 மட்டும் ஒன்றும் செய்வதில்லை. கடையில் காட்டினேன், கீபோர்டு போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பிரவுசரைத் திறந்து வெறும் எஃப்5-ஐ அழுத்துங்கள், பக்கம் மறுபடி லோடு ஆகிறதா? ஆகிறது என்றால் அந்த கீ உயிரோடுதான் இருக்கிறது. எஃப்என் கீயும் அப்படித்தான், அது செத்திருந்தால் சத்தம் எப்படிக் கூடும்? இரண்டு கீயும் நன்றாக இருக்கும்போது அவை சேர்ந்து செய்யும் வேலை மட்டும் நடக்கவில்லை என்றால் கோளாறு கீபோர்டில் இல்லை. புது கீபோர்டு மாட்டினாலும் இதே கதைதான், காசு மட்டும் போயிருக்கும்.

எஃப்என் மற்ற கீக்களைப் போன்றதல்ல. பெரும்பாலான லேப்டாப்களில் அதை அழுத்திய விஷயமே ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியாது, மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன கன்ட்ரோலர் சிப்தான் அதைக் கவனித்து, இது வெளிச்சம், இது சத்தம் என்று பிரித்து அனுப்புகிறது. சத்தத்துக்கான சிக்னல் பெரும்பாலும் சாதாரண கீ மாதிரியே கீபோர்டு வழியாக வந்துவிடும். வெளிச்சம் பல மாடல்களில் ஏசிபிஐ அல்லது டபிள்யூஎம்ஐ என்ற வேறு பாதையில் வரும், அதைப் புரிந்துகொள்ள அந்தந்த பிராண்டுக்கான டிரைவர் கெர்னலில், அதாவது ஹார்டுவேரோடு பேசும் லினக்ஸின் உட்பகுதியில், இருக்க வேண்டும். ஒன்று ஓடி இன்னொன்று ஓடாததற்கு இதுதான் காரணம்.

இனி எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்போம். கீழே பேட்டரி ஐகானைக் கிளிக் செய்தால் வெளிச்சத்துக்கு ஒரு ஸ்லைடர் வரும். அதை மவுஸால் இழுங்கள்.

ஸ்லைடர் நகர்கிறது, ஸ்கிரீன் அப்படியே இருக்கிறது என்றால் கீக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஸ்கிரீனுக்குப் பின்னிருக்கும் விளக்கான பேக்லைட்டை இயக்க கெர்னல் தப்பான வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து, எந்த சிஸ்டத்தை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் மெனு வரும்படி எஸ்கேப் கீயைத் தட்டுங்கள் (பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்டைப் பிடித்திருக்க வேண்டும்). மெனுவில் மின்ட் மேல் நின்று ஆங்கில ஈ எழுத்தை அழுத்தினால் சில வரிகள் வரும், அதில் லினக்ஸ் என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசியில் குவைட் ஸ்பிளாஷ் என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு இடம் விட்டு, ஏசிபிஐ, அடிக்கோடு, பேக்லைட், சமக்குறி, நேட்டிவ் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். சரியாக வரவில்லையா, அடுத்த முறை நேட்டிவுக்குப் பதில் வெண்டார் போட்டுப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் வீடியோ. பயப்பட ஒன்றுமில்லை, இங்கே செய்வது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், மறுபடி ஆன் செய்தால் பழையபடி ஆகிவிடும். எது வேலை செய்கிறதோ அதை மட்டும் க்ரப் செட்டிங்ஸ் ஃபைலில் எழுதி, அப்டேட்-க்ரப் கமாண்டை ஓட்டினால் நிரந்தரம்.

ஸ்லைடரை இழுத்தால் வெளிச்சம் ஒழுங்காக மாறுகிறது, கீயை அழுத்தினால்தான் ஒன்றுமில்லை என்றால், கீயின் சேதி வழியில் தொலைகிறது. எவ்டெஸ்ட் என்று ஒரு சின்ன கருவி இருக்கிறது, அதை இன்ஸ்டால் செய்து கமாண்ட் அடிக்கும் டெர்மினலில் சூடோவோடு (அதாவது அட்மின் உரிமையோடு) ஓட்டினால் ஒரு பட்டியல் காட்டும். ஏடி டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்டு என்பது உங்கள் வழக்கமான கீபோர்டு. அதோடு வீடியோ பஸ், பிராண்டைப் பொறுத்து திங்க்பேட் எக்ஸ்ட்ரா பட்டன்ஸ், ஹெச்பி டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ், டெல் டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ் என்றெல்லாம் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, எஃப்என்னும் எஃப்5-உம் சேர்த்து அழுத்துங்கள். எதிலாவது புது வரி வந்து விழுந்தால் சேதி கெர்னல் வரை வந்துவிட்டது, மின்ட்டின் கீபோர்டு செட்டிங்ஸில் ஷார்ட்கட் பகுதிக்குப் போய் வெளிச்சத்துக்கு அந்த கீயைக் கொடுத்தால் போதும். எதிலுமே வரவில்லை என்றால் கெர்னல் எழுதி வைக்கும் குறிப்புகளைக் காட்டும் டிமெஸ்ஜி கமாண்டின் கடைசி வரிகளைப் படியுங்கள். தெரியாத கீ ஒன்று அழுத்தப்பட்டது, அதன் எண் இது, இப்படிச் செய்தால் அறிமுகமாகிவிடும் என்று கெர்னலே எழுதி வைத்திருந்தாலும் வைத்திருக்கும்.

அங்கேயும் மௌனம் என்றால் புது கெர்னலைப் போட்டுப் பாருங்கள். அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவுக்குள் லினக்ஸ் கெர்னல்கள் என்று இருக்கிறது, பழைய கெர்னல் அப்படியே இருக்கும் என்பதால் பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம். எதுவுமே சரிவரவில்லை என்றால், கன்ட்ரோல் ஆல்ட்டோடு ஏதாவது இரண்டு கீயை வெளிச்சத்துக்கு ஒதுக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். நான் அதைத்தான் செய்வேன்.

கேள்வி: லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை போய்விடுகிறது, ஏரோப்ளேன் மோடு ஆன் என்று காட்டுகிறது. நான் எந்த கீயையும் தொடவில்லை.

பதில்: நீங்கள் தொடவில்லை, லேப்டாப்பே தொட்டுக்கொள்கிறது. சில மாடல்களில் தூக்கத்திலிருந்து எழும்போது ஃபர்ம்வேர் (லேப்டாப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), ஏரோப்ளேன் கீயை அழுத்தியது போல ஒரு பொய் சிக்னலைத் தள்ளிவிடும், லினக்ஸ் அதை உண்மை என்று நம்பிவிடும். டெர்மினலில் ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று ஓட்டுங்கள். சாஃப்ட் பிளாக் (சாஃப்ட்வேர் போட்ட தடை) மட்டும் ஆம் என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் கொடுத்தால் வந்துவிடும். ஹார்டு பிளாக் (ஹார்டுவேர் போட்ட தடை) ஆம் என்றால் சாஃப்ட்வேரால் முடியாது. பழைய திங்க்பேட்கள் சிலவற்றின் ஓரத்தில் வைஃபைக்கென்றே நகர்த்தும் சுவிட்ச் உண்டு, பையில் உரசி அதுவே நகர்ந்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

தினமும் இதே தொல்லை என்றால் அந்த கீயையே கெர்னல் கண்டுகொள்ளாமல் செய்துவிடலாம். டிமெஸ்ஜியிலோ எவ்டெஸ்ட்டிலோ அதன் ஸ்கேன்கோடை (கீ அனுப்பும் அடையாள எண்) பிடித்து, செட்கீகோட்ஸ் கமாண்டில் 240-ஓடு கட்டிவிடுங்கள். கெர்னல் கணக்கில் 240 என்றால் இன்னதென்று தெரியாத கீ, அதாவது ஒன்றும் நடக்காது. இது ரீஸ்டார்ட் ஆனால் மறந்துபோகும், அதனால் பூட் ஆகும்போதே ஓடும்படி வைக்க வேண்டும்.

கேள்வி: ஆசையாக மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கி லேப்டாப்போடு இணைத்தேன். எஃப்1 முதல் எஃப்12 வரை எதுவுமே எஃப் கீயாக வேலை செய்வதில்லை, பாட்டை நிறுத்தவும் சத்தத்தைக் கூட்டவும்தான் முடிகிறது. ரிட்டர்ன் செய்துவிடலாமா?

பதில்: கீக்ரான் பிராண்டா? அல்லது அந்த வகையா? அதன் சில மாடல்கள் கணினியிடம் தங்களை ஆப்பிள் கீபோர்டு என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும், லினக்ஸும் ஹிட் ஆப்பிள் என்ற டிரைவரைக் கொடுத்து ஆப்பிள் மாதிரியே நடத்தும். கீபோர்டின் ஓரத்தில் மேக், விண்டோஸ் என்று சுவிட்ச் இருந்தால் விண்டோஸ் பக்கம் தள்ளுங்கள். பிறகு அந்த டிரைவரின் எஃப்என்மோடு என்ற மதிப்பை 2 ஆக்குங்கள், எஃப் வரிசை திரும்பி வந்துவிடும். 1 என்றால் பாட்டு, சத்தம் முதலில், 2 என்றால் எஃப் கீக்கள் முதலில், அவ்வளவுதான். கீபோர்டில் குறை இல்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் கல்லூரிக்குப் போகிறாள், லினக்ஸ்தான் வேண்டுமாம். விண்டோஸ் இல்லாத டாஸ் லேப்டாப் விலை குறைவாக இருக்கிறது. ஆனால் லினக்ஸ் போட்டால் வாரண்டி போய்விடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார். என்ன செய்ய?

பதில்: அவர் சொல்வது வாரண்டி பேப்பரில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வாரண்டி என்பது பொதுவாக ஹார்டுவேருக்கு, மேலே என்ன ஓடுகிறது என்பதற்கு அல்ல. தகராறு வருவது வேறு இடத்தில். கீ வேலை செய்யவில்லை என்று போனால், லினக்ஸால்தான் என்று சர்வீஸ் சென்டர் சுலபமாகக் கைகழுவும். அதற்கு ஒரு வழி உண்டு. ஆன் செய்ததும் ஹெச்பியில் எஃப்2 அழுத்தினால், டெல்லில் எஃப்12 அழுத்தி வரும் மெனுவில் டயக்னாஸ்டிக்ஸைத் தேர்ந்தெடுத்தால், லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் சோதனை நிரல் வரும், அது எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இல்லாமலே ஓடும். அதில் ஃபெயில் என்று வந்து ஒரு பிழை எண் காட்டினால் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு மேலும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டாஸ் லேப்டாப் மலிவு, ஏனென்றால் விண்டோஸ் லைசென்ஸ் காசு அதில் இல்லை. ஆனால் லினக்ஸில் எல்லா கீயும் ஓடும் என்று யாரும் அதைச் சோதித்துப் பார்த்துக் கொடுப்பதில்லை. அதனால் ஒரு 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவையோ மின்ட்டையோ ஏற்றிக்கொண்டு கடைக்குப் போங்கள். இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும், டிஸ்பிளேக்கு வைத்திருக்கும் அதே மாடலில் பூட் செய்ய அனுமதி கேளுங்கள். எஃப் வரிசையில் ஒவ்வொரு கீயையும் எஃப்என்னோடும் இல்லாமலும் அழுத்திப் பாருங்கள், மைக் மியூட் விளக்கு எரிகிறதா, மூடித் திறந்தால் வைஃபை திரும்புகிறதா, டச்பேட் இரண்டு விரலுக்கு நகர்கிறதா என்றும் பாருங்கள். உபுண்டுவின் தாய் நிறுவனமான கனானிக்கல் தாங்கள் சோதித்துச் சான்று கொடுத்த லேப்டாப்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது, மாடல் எண்ணை அங்கேயும் தேடலாம். போன மாதம் வந்த மாடலைவிட ஒரு வருஷம் பழைய மாடலே லினக்ஸுக்கு நல்லது என்பது என் கட்சி, கெர்னலுக்கு அதைப் பழகிக்கொள்ள நேரம் கிடைத்திருக்கும்.

ஆன்லைனில் வாங்குவதென்றால் ரிட்டர்ன் விதியை முதலில் படியுங்கள். பல இடங்களில் ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான், பணம் திரும்பாது. லினக்ஸில் வெளிச்ச கீ ஓடவில்லை என்பதை அவர்கள் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அப்படியே எடுத்துக்கொண்டாலும் வருவது அதே மாடல்தான்.