வான்கோழி வேட்டைக்குப் போற பையனும் கரடி பயமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். எம் பையன் அமெரிக்கால மொன்டானா மாநிலத்துல வேலை பாக்குறான். வர்ற ஏப்ரல்ல ஆபீஸ் பசங்களோட காட்டு வான்கோழி வேட்டைக்குப் போறேங்கறான். அங்க கரடி, மலைச்சிங்கம் எல்லாம் இருக்காம்ல. வேணாம்டான்னா "அதெல்லாம் ஒன்னும் ஆகாதும்மா"ன்னு போன வச்சிர்றான். ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. அவன்கிட்ட என்னத்த சொல்லட்டும்? (வாசகி, திருவையாறு)

பதில்: அக்கா, நீங்க கவலைப்படுறதுல நியாயம் இருக்கு, ஆனா தூக்கத்த தொலைக்கிற அளவுக்கு இல்லீங்க. வான்கோழி வேட்டைக்குப் போன ஆள மிருகம் அடிச்சதுங்கறது ரொம்ப அபூர்வம். ஆனா இந்த வேட்டைக்குன்னே ஒரு தனி சிக்கல் இருக்கு, அத உங்க பையன் நல்லா மண்டையில ஏத்திக்கிட்டான்னா பாதி பாதுகாப்பு வந்துருச்சுன்னு வச்சிக்கோங்க.

என்ன சிக்கல்னா, அங்க வான்கோழிய தொரத்திக்கிட்டுப் போறதில்ல, கூப்புட்டு வரவைக்கிறாங்க. மொன்டானால ஏப்ரல் நடுவுலேர்ந்து மே கடைசி வரைக்கும் சீசன், அப்பதான் சேவல் வான்கோழி ஜோடி தேடிக் கத்திக்கிட்டுத் திரியும். விடியறதுக்கு முன்னாடியே போயி, தலையிலேர்ந்து கால் வரைக்கும் இலை தழை கலர்ல டிரெஸ் போட்டு, மூஞ்சிக்கும் வலையக் கட்டிக்கிட்டு, ஒரு மரத்தடியில ஆடாம அசையாம உக்காந்துருவாங்க. கையில ஒரு சாண் நீளத்துக்கு மேல்பக்கம் தொறந்த மரப்பெட்டி இருக்கும், அதுமேல ஒரு முனையில மட்டும் திருகாணி போட்ட பலகை மூடி, மூடி அடியில சாக்பீஸ் தேச்சு பெட்டி விளிம்புல மெதுவா இழுத்தா பெட்டை வான்கோழி கத்துற மாதிரியே சத்தம் வரும். முன்னாடி பெட்டைக்கோழி பொம்மை ஒன்ன வேற நட்டு வச்சிருவாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க, அந்தச் சத்தம் சேவலுக்கு மட்டுமா கேக்கும்? பசியோட சுத்துற கயோட்டி நரிக்கும் கேக்கும், பாப்கேட்டுங்கற காட்டுப்பூனைக்கும் கேக்கும், மலைச்சிங்கம்னு சொல்ற பூமாவுக்கும் கரடிக்கும் கேக்கும். அங்க மனுஷன் ஒருத்தன் உக்காந்திருக்கான்னு அதுகளுக்குத் தெரியவே தெரியாது, தனியா ஒரு கோழி கத்துதுன்னு பதுங்கிப் பதுங்கி வரும். வேட்டைக்காரன்னு போனவன் இரையோட குரல்ல கூப்புட்டுக்கிட்டு ஒளிஞ்சு உக்காந்திருக்கான், இதுதான் விஷயமே.

அதனால மொத வேலை, உக்கார்ற எடம். தோள்பட்டைய விட அகலமான மரமா பாத்து முதுக ஒட்டி உக்காரணும். பின்னாடியிலேர்ந்து எதுவும் மேல பாயாது, இன்னொரு வேட்டைக்காரன் சத்தத்த நம்பி பின்னாடியிலேர்ந்து சுட்டாலும் மரம் தாங்கும். ரெண்டாவது, பெரிய மிருகம் ஒன்னு கண்ணுல பட்டுச்சுன்னா அந்த நிமிஷமே ஒளிஞ்சிருக்கறத விட்டுரணும். பெட்டிய கீழ போட்டுட்டு எழுந்து நின்னு, நான் மனுஷன்டான்னு தெரியற மாதிரி சத்தமா பேசணும். தமிழ்லயே பேசட்டும், எந்த மிருகத்துக்கும் மனுஷக் குரல்னா என்னன்னு தெரியும். பெரும்பாலும் அதோட அது திரும்பிப் போயிரும். சேவல் போச்சேன்னு பாக்கக் கூடாது, வேட்டைக்கு நாளைக்கும் போகலாம்.

மலைச்சிங்கமா இருந்தா ஓடவே கூடாது, முதுகு காட்டக் கூடாது, குனியக் கூடாது. நேருக்கு நேரா பாத்துக்கிட்டே கைய தூக்கி ஒடம்ப பெருசா காட்டி கத்தணும், கல்லோ கட்டையோ கெடச்சா எறியணும். அப்படியும் மேல பாஞ்சுதுன்னா அடிச்சுச் சண்டைதான் போடணும், படுத்துரக் கூடாது.

கரடியில ரெண்டு வகை, இத அவன் அவசியம் தெரிஞ்சிக்கணும். கலர வச்சு முடிவு பண்ண முடியாது, கருங்கரடியே பழுப்புலயும் இருக்கும். தோள்ல திமில் மாதிரி தூக்கிக்கிட்டு இருந்தா அது கிரிஸ்லி. குட்டியோட இருக்கும்போது திடீர்னு கிட்டக்க பாத்து மெரண்டு போயி கிரிஸ்லி மேல விழுந்துச்சுன்னா குப்புறப் படுத்து, ரெண்டு கையயும் பிடரியில கோத்து, கால அகட்டி வச்சு, முதுகுல பைய கழட்டாம அசையாம கெடக்கணும், ஆபத்து இல்லன்னு அது வெலகிப் போற வரைக்கும். கருங்கரடி தாக்குனா அப்படிப் படுக்கக் கூடாது, மூஞ்சியப் பாத்து அடிக்கணும். எந்தக் கரடியா இருந்தாலும் சத்தமில்லாம பின்தொடர்ந்து வந்து தாக்குனா அது இரைக்குத்தான் வருது, அப்பவும் சண்டைதான்.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி கரடி ஸ்பிரே. மொளகா காரத்த அழுத்தமா அடைச்ச டப்பா, 225 கிராமுக்குக் கொறையாம வாங்கணும். ப்ளைட்ல எடுத்துக்கிட்டுப் போக முடியாது, போற எடத்துலயே வாங்கிக்கணும். அத பைக்குள்ள வச்சிட்டு உக்காந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, நெஞ்சு பெல்ட்லயோ இடுப்புலயோ மாட்டியிருக்கணும். மேல ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், அத கட்டவெரலால பின்னாடி இழுத்துட்டு கரடி ஒரு 30 அடியிலேர்ந்து 60 அடிக்குள்ள வரும்போது அது மூஞ்சிக்குக் கொஞ்சம் கீழயே அடிக்கணும், அது ஓடி வந்து அந்தப் பொகைக்குள்ள விழுந்துரும். அலாஸ்கால நடந்த சம்பவங்கள வச்சு 2008-ல ஒரு ஆய்வு வந்துச்சு, பழுப்புக் கரடி (கிரிஸ்லியும் இந்த இனம்தான்) விஷயத்துல 92 சதவீதம் ஸ்பிரே வேலை செஞ்சிருக்கு. கையில துப்பாக்கிதான் இருக்கேன்னு பையன் சொல்லுவான். அதுல இருக்கறது கோழி தலைய கழுத்த அடிக்கிற பொடி ரவை, கரடிய நிறுத்தாது, காயப்படுத்தி இன்னும் வெறியேத்தும். கொசு மருந்து மாதிரி டிரெஸ்ல அடிச்சிக்க மட்டும் கூடாது, அந்தத் தப்ப நெறைய பேரு பண்றாங்க.

இன்னொன்னு, அந்த சீசன்லதான் கரடி குளிர்கால ஒறக்கம் முடிஞ்சு பசியோட வெளிய வரும். பனியில செத்த மானத் தேடும், கெடச்சா பக்கத்துலயே காவல் இருக்கும். காட்டுல ஒரு எடத்துல காக்கா கூட்டமா எறங்குது, நாத்தம் வருதுன்னா அந்தப் பக்கமே போகாம வந்த வழியே திரும்பிரணும். வான்கோழிய சுட்டுட்டாலும் அங்கயே உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காம சட்டுன்னு எடுத்துக்கிட்டுக் கெளம்பணும், கொடல அறுத்துப் போட்ட எடத்துல நிக்கக் கூடாது, தூக்கிட்டு வரும்போது ஆரஞ்சுத் துணியில சுத்தித்தான் தூக்கணும். சேவல் தலை செவப்பு, வெள்ளை, நீலமா இருக்கும், அதனால அந்த மூணு கலர்ல ஒரு கைக்குட்டை கூட வேணாம், இன்னொருத்தன் அத தலைன்னு நெனச்சு சுட்டுருவான். கரடிய விட இந்த ஆபத்துதான் நெசமான ஆபத்து அக்கா, அத அழுத்திச் சொல்லுங்க. செல் டவர் கெடைக்காது, எந்த எடத்துல உக்காரப் போறான், எத்தன மணிக்குத் திரும்புவான்னு ரூம்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்.

விசாவுலதான் இருக்கான்னா லைசென்ஸ் விஷயமும் கேளுங்க. வேலை விசாவுல இருக்கறவங்க அங்க துப்பாக்கியத் தொடுறதே பொதுவா குத்தம், செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் கையில இருந்தாதான் விலக்கு. மொன்டானால 1985 ஜனவரி 1-க்கு அப்பறம் பொறந்தவங்க வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிச்சிருக்கணும். நண்பனோட துப்பாக்கிய சும்மா வாங்கிட்டுப் போனேன்னா கரடி இல்லாமலே வாழ்க்கை போயிரும்.

கேள்வி: சார், 2024 ஏப்ரல்ல எங்க ஊருக்குள்ளயே சிறுத்தை வந்துச்சே, மறுபடி அப்படி வந்தா என்ன பண்றது? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: செம்மங்குளம் பக்கம் சிசிடிவில தெரிஞ்சு, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, கூண்டு, கேமராலாம் வச்சுத் தேடி, அப்பறம் அது அரியலூர் மாவட்டம் செந்துறை பக்கம் தெரிஞ்சுதே, மறக்குமா. மேல மலைச்சிங்கத்துக்குச் சொன்னது எல்லாம் இதுக்கும் பொருந்தும், ஓடாத, குனியாத, குரல் குடு. ஊருக்குள்ள வர்ற சிறுத்தை நாயி, பன்னி, ஆட்டுக்குத்தான் வருது, அதனால பொழுது சாஞ்சா ஆட்ட உள்ள கட்டுங்க, புள்ளைங்கள வாய்க்கால் கரைக்குத் தனியா அனுப்பாதீங்க, வயல்ல தனியா குனிஞ்சு வேலை பாக்காதீங்க. செல்போனத் தூக்கிக்கிட்டு வீடியோ எடுக்கக் கூட்டமா போயி அத மூலையில மடக்குறதுதான் பெரிய ஆபத்து, தப்பிக்க வழி இல்லாத சிறுத்தை யாரையும் விடாது. வனத்துறைக்கோ, மாவட்ட அவசர உதவி எண் 1077-க்கோ சொல்லிட்டு கதவ சாத்திருங்க.

கேள்வி: அணைக்கரை பக்கம் கொள்ளிடத்துல வலை போடுறோம், முதலை கெடக்கு. சத்தம் போட்டா போயிருமா? (வாசகர், அணைக்கரை)

பதில்: தம்பி, அங்க இந்தக் கணக்கே வேற. முதலைக்கு நீ மனுஷன்னு தெரிஞ்சாலும் கவலை இல்ல, தண்ணி ஓரத்துல அசையுறது எல்லாம் அதுக்கு இரைதான். தண்ணிக்கு முதுகக் காட்டி உக்காராத, மீன கரை ஓரத்துல வச்சு அலசி கொடல தண்ணியில போடாத, ஒரே எடத்துல தெனமும் ஒரே நேரத்துக்கு எறங்காத, இருட்டுனப்பறம் எறங்கவே எறங்காத. கோடையில மணல்ல முட்ட போட்டுக் காவல் கெடக்கும், மணல்மேட்டுல சறுக்குன தடம் பாத்தா சுத்திப் போயிரு.

கேள்வி: அமெரிக்கால மாதிரி நாமளும் சத்தம் குடுத்து கொக்கு, கௌதாரி புடிக்கலாமா? (வாசகர், நன்னிலம்)

பதில்: கூடாது தம்பி. அங்க லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை எல்லாம் கட்டுப்பாடு, இங்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குத்தம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், அதுவும் பறவைய பொறுத்து இன்னும் கூடும். வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் 2022-ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைங்கற அங்கீகாரம், கெடச்சதே நம்ம வயல்ல எறங்குற இந்தப் பறவைங்களாலதான். கறி வேணும்னா பண்ணை வான்கோழி வாங்கி வளத்துப் பாரு, ராத்திரியில கூண்டுக்கு அடியிலயும் கம்பி வலை போட்டுரு, கீரி மண்ணப் பறிச்சுக்கிட்டு உள்ள வந்துரும்.