சுரேகா சிக்ரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அம்மா ராஜ் டிவியில் ‘மண் வாசனை’ தொடரை ஒருநாள் விடாமல் பார்த்தவர். அதில் வரும் பாட்டி கல்யாணி தேவியைத் திட்டிக்கொண்டே பார்க்கத் தொடங்கி, கடைசியில் அந்தப் பாட்டிக்காகவே பார்த்தார். சென்ற வாரம் ‘பதாயி ஹோ’ படத்தில் அதே முகத்தைக் கண்டேன். பெயர் சுரேகா சிக்ரி, மூன்று தேசிய விருது வாங்கியவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் படப் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் அம்மா, பாட்டி, பெரியம்மா. சின்னச் சின்ன வேடங்கள். இதில் மூன்று தேசிய விருது எப்படி? அவ்வளவு பெரிய நடிகை 63 வயதில் சீரியலில் நடிக்கவேண்டி வந்தது சரிவு இல்லையா? அவரை முறையாகப் பார்க்க எங்கே தொடங்கவேண்டும்?

க.

அன்புள்ள க.,

உங்கள் அம்மா பார்த்தது சுரேகா சிக்ரியில் பாதி. ‘மண் வாசனை’ என்பது கலர்ஸ் தொலைக்காட்சியில் 2008 ஜூலையில் தொடங்கிய ‘பாலிகா வது’ தொடரின் தமிழ் டப்பிங். முகம் அவருடையது, குரல் வேறொருவருடையது. மற்ற நடிகர்களுக்கு இது பெரிய இழப்பாகாது. இவருக்கு ஆகும். ஏனென்றால் இவர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்துபவர். கடிந்துகொள்ளும் சொல்லுக்கு முன்னால் அரை நொடி மௌனம் விடுவார், எதிரில் நிற்பவருக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும், அதன்பிறகு சொல் வரும். டப்பிங்கில் முதலில் அடிபடுவது இந்த மௌனம்தான். இந்தியிலும் தமிழிலும் வினைச்சொல் கடைசியில் வருவதால் வாக்கிய அமைப்பு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் இந்தியில் ஓரசையில் முடிகிற சொல்லுக்குத் தமிழில் பெரும்பாலும் கூடுதல் அசை வேண்டும். ‘ப’, ‘ம’ வருமிடத்தில் உதடு மூடவும் வேண்டும். கூடுதல் அசைகளுக்கு இடம் தேடும்போது கிடைப்பது நடிகர் விட்ட இடைவெளி. அதை நிரப்பிவிடுவார்கள். அப்படியும் உங்கள் அம்மாவை அந்தப் பாட்டி பிடித்து நிறுத்தியிருக்கிறார் என்றால் கண்ணும் கழுத்தும் எவ்வளவு வேலை செய்திருக்கவேண்டும்!

இனி விருதுக் கேள்வி. தேசிய விருதுகளில் துணை நடிகைக்கென்று தனிப் பிரிவு வந்ததே 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். நம் மனோரமாவுக்கு அது ‘புதிய பாதை’க்காக ஒருமுறை கிடைத்தது. கே.பி.ஏ.சி. லலிதாவுக்கு இரண்டுமுறை. மூன்றுமுறை வாங்கியவர் சிக்ரி மட்டும்தான்: ‘தமஸ்’, ‘மம்மோ’, ‘பதாயி ஹோ’. இதில் கவனிக்கவேண்டியது, முதல் விருதுக்குரிய ‘தமஸ்’ மக்களிடம் போய்ச் சேர்ந்தது தொலைக்காட்சி வழியாக. கோவிந்த் நிஹலானி இயக்கியது, 1988-ல் தூர்தர்ஷனில் தொடராக ஒளிபரப்பானது. ஆகவே சினிமா மேலே, டிவி கீழே என்று போட்டுக்கொண்டு இவர் ஏறினாரா இறங்கினாரா என்று அளப்பதில் பயனில்லை.

இவர் வந்த வழி நாடகம். இப்ராகிம் அல்காசி இயக்குநராக இருந்த காலத்தில் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர், பிறகு அதன் ரெபர்ட்டரி குழுவில் பத்தாண்டுகளுக்கு மேல் நடித்தவர். மனோகர் சிங், உத்தரா பாவ்கர் எல்லாம் அங்கே சக நடிகர்கள். ரெபர்ட்டரி என்பது மாதச் சம்பளத்துக்கு நடிக்கும் நிலையான குழு. பல நாடகங்கள் ஒரே சமயத்தில் கையில் இருக்கும். ஒன்றில் ராணியாக வருபவர் இன்னொன்றில் பின்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும். நாயகி, துணை நடிகை என்ற பிரிவினை அங்கே கிடையாது. 1989-ல் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது இந்த மேடைப் பணிக்கு. முதல் படம் 1978-ல் வந்த ‘கிஸ்ஸா குர்சி கா’. நெருக்கடி நிலையில் பிரதிகள் அழிக்கப்பட்டு, பிறகு மறுபடி எடுக்கப்பட்ட படம் அது.

இவருடைய முக்கியமான வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எல்லாமே வீட்டுக்காரிகள். யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகவேண்டும் என்று தீர்மானிக்கும் பெண்கள். அம்மா, பாட்டி என்று நீங்கள் தள்ளிவிட்டீர்கள். கதை திரும்புவதே அவர் திறக்கும் கதவில்தான்.

‘தமஸ்’ பிரிவினைக் கலவரக் கதை. கிராமத்தை விட்டு இரவெல்லாம் நடந்துவந்த சீக்கியக் கிழவர் ஹர்நாம் சிங்கும் மனைவி பந்தோவும் ஒரு கதவைத் தட்டுகிறார்கள். திறப்பவள் ராஜோ என்கிற முஸ்லிம் பெண். அவள் வீட்டு ஆண்கள் கொள்ளையடிக்கப் போயிருக்கிறார்கள். மருமகளுக்கு இவர்களை உள்ளே விடுவதில் சம்மதமில்லை. ராஜோ அவர்களைப் பரணில் ஏற்றி ஒளித்துவைக்கிறாள். திரும்பிவரும் ஆண்கள் தூக்கிவரும் டிரங்குப் பெட்டி அந்தக் கிழவருடையதுதான். இந்தப் பகுதியைச் சாதாரண நடிகை கருணை வடியும் முகத்தோடு செய்திருப்பார். சிக்ரி எரிச்சலோடு செய்கிறார். வீட்டில் வேலை கிடக்கும் நேரத்தில் வந்து நிற்கும் விருந்தாளிகளிடம் வரும் எரிச்சல் அது. கருணை கையில் மட்டும் இருக்கிறது. கதவைத் திறப்பதும், மோர் கொடுப்பதும், வழிகாட்டுவதும் செயலாக நடக்க, முகம் கடைசிவரை இளகுவதில்லை. அதனால்தான் அந்தப் பெண்ணை நம்பமுடிகிறது.

ஹர்நாம் சிங்காக நடித்தவர் பீஷ்ம சாஹ்னி, அந்த நாவலை எழுதியவரே. 2002-ல் அபர்ணா சென்னின் ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்’ படத்தில் பேருந்தில் பயணம் செய்யும் வயதான முஸ்லிம் தம்பதி இக்பால், நஜ்மாவாக வருபவர்கள் இதே பீஷ்ம சாஹ்னியும் சுரேகா சிக்ரியும். முன்பு மதவெறியிலிருந்து அவரை ஒளித்துவைத்தவள் இப்போது மனைவியாகப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள், ஆனால் கலவரக் கும்பல் ஏறிவரும் அந்தப் பேருந்தின் கதவைச் சாத்தும் அதிகாரம் அவளிடம் இல்லை. அபர்ணா சென் இதை எண்ணித்தான் இருவரையும் போட்டாரோ என்னவோ, இரண்டையும் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி இரட்டிப்பாக வலிக்கும்.

‘மம்மோ’ (1994) ஷியாம் பெனகல் படம். பாகிஸ்தானிலிருந்து விசாவில் பம்பாய்க்கு வரும் மம்மோவாக ஃபரீதா ஜலால். வாய் ஓயாத பெண். அவளுக்கு வீட்டில் இடம்கொடுக்கும் சகோதரி ஃபய்யூஸியாக சிக்ரி. பேரனை வளர்க்கிறாள், பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறாள், சகோதரிமேல் பாசமும் சலிப்பும் ஒருசேர இருக்கிறது. படத்தின் தலைப்பு ஒருத்தியுடையது, தேசிய விருது அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு. கேட்பதை நடிப்பது கடினம். சும்மா இருந்தால் காட்சி செத்துவிடும், ஏதாவது செய்தால் பேசுகிறவரிடமிருந்து கவனம் திருடியதாகிவிடும். சிக்ரி வீட்டுவேலையைச் செய்துகொண்டே கேட்பார். எந்த வார்த்தையில் கை நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இதே ஃபய்யூஸியை 2001-ல் ‘ஜுபைதா’வில் மறுபடி செய்தார். ஜுபைதா அவளுடைய மகள். கதைப்படி ‘மம்மோ’வுக்கு முந்தைய வாழ்க்கை, எடுக்கப்பட்டது ஏழு ஆண்டு கழித்து. அதாவது பாட்டியை முதலில் நடித்துவிட்டு, அவளே இளம் தாயாக, கணவனுக்கு அடங்கியவளாக இருந்த காலத்தைப் பிறகு நடிக்கவேண்டும். அந்தப் பாட்டியின் சிடுசிடுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ‘ஜுபைதா’வில் பதில் இருக்கிறது. இடையில் வந்த ‘சர்தாரி பேகம்’ படத்திலும் இருக்கிறார். மூன்றுக்கும் கதை காலித் முகமது.

சீரியலுக்கு வருவோம். ‘பாலிகா வது’ 2016வரை ஓடியது, 2,200 பகுதிகளுக்கு மேல். தினசரித் தொடரின் கணக்கு எளியது. அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் படம் வேண்டும், வாரத்தில் ஐந்தாறு நாள். வசனத்தாள் பலநேரம் அன்று காலையில்தான் கைக்கு வரும். சினிமாவில் கதாபாத்திரத்தின் முடிவு தெரிந்துதான் முதல் காட்சியில் நிற்கிறீர்கள். தொடரில் முடிவு யாருக்கும் தெரியாது, டி.ஆர்.பி. பார்த்துக் கதை வளையும். இங்கேதான் பெரும்பாலான சீரியல் மாமியார்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வாரத்திலேயே புருவத்தை உச்சிக்கு ஏற்றிவிட்டால் மூன்றாம் வருடம் நல்லவளாகத் திரும்பும்போது பழைய ஆளைக் கழற்றி வைத்துவிட்டுப் புது ஆளாகத்தான் வரவேண்டியிருக்கும்.

சிக்ரி முதலிலிருந்தே ஒரு விரிசலை வைத்திருந்தார். குழந்தைத் திருமணத்தில் பேரனின் மனைவியாக வந்த சிறுமி ஆனந்தியை அதட்டும்போது கூட அது வெறுப்பாக இருக்காது, முறைமை தவறிவிடுமோ என்ற பயமாக இருக்கும். ‘எனக்கு இப்படித்தான் நடந்தது, உனக்கும் இப்படித்தான்’ என்கிற பயம். பின்னால் அதே பாட்டி பேரனை ஒதுக்கிவைத்து ஆனந்தியின் பக்கம் நிற்கும்போது ஆள் மாறியதாகத் தோன்றாததற்குக் காரணம் இது. 2008-ல் தொலைக்காட்சிக்கான ‘இந்தியன் டெலி’ விருது இவருக்குக் கிடைத்தது எதிர்மறை வேடத்துக்கு, 2011-ல் துணை வேடத்துக்கு. ஒரே தொடர், ஒரே பாட்டி.

‘பதாயி ஹோ’ (2018) வரும்போது வயது 73. நடுத்தர வயதைத் தாண்டிய மருமகள் கர்ப்பமாகிவிட்டதை வைத்து வீட்டில் படம் முழுக்க வைதுகொண்டிருக்கும் துர்கா தேவி, மீரட் கல்யாணத்தில் உறவினர்கள் அதே மருமகளைக் குத்திப் பேசும்போது அவர்கள்மேல் பாய்கிறாள். இந்தக் காட்சியில் கண்ணீர் வரவழைக்கும் குரலுக்கு மாறியிருந்தால் கெட்டிருக்கும். மாறவில்லை. மருமகளை வைத அதே மேற்கு உத்தரப்பிரதேசக் கொச்சை, அதே சுருதி, அதே சலிப்பு. திட்டு போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு. நகைச்சுவைப் படத்தில் இந்த அளவு கட்டுப்பாடு அரிது.

அந்த ஆண்டே பக்கவாதம் வந்தது. 2019 டிசம்பரில் விருது வாங்க டெல்லிக்குச் சக்கர நாற்காலியில் வந்தார், அரங்கம் எழுந்து நின்றது. 2020-ல் வெளிவந்த ‘கோஸ்ட் ஸ்டோரீஸ்’ படத்தின் ஜோயா அக்தர் பகுதியில் படுக்கையில் கிடக்கும் முதியவளாக நடித்தார். அதே ஆண்டு கொரோனாவை ஒட்டி, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் படப்பிடிப்புக்கு வரக்கூடாது என்று மகாராஷ்டிர அரசு விதி போட்டபோது, தனக்கு வேலைதான் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களில் இவரும் ஒருவர். ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. செப்டம்பரில் மறுபடி பக்கவாதம். 2021 ஜூலை 16 அன்று மும்பையில் காலமானார், 76 வயது.

எங்கே தொடங்குவது? ‘தமஸ்’ ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ராஜோ வருவது பிற்பகுதியில், ஆனால் அந்தப் பகுதிக்குத் தாவவேண்டாம், ஊர் எரிவதைப் பார்த்தபிறகே அந்தக் கதவு திறப்பதற்குப் பொருளுண்டு. ‘மம்மோ’, ‘ஜுபைதா’ இரண்டையும் வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள், கதை வரிசையில் வேண்டாம். அம்மாவோடு உட்கார்வதென்றால் ‘மம்மோ’தான், இரண்டு மணி நேரப் படம். வசன எழுத்து படிக்க அவருக்குச் சிரமம் என்றால் நிறுத்தி நிறுத்தி நீங்களே சொல்லுங்கள். ஒலியை மட்டும் குறைத்துவிடாதீர்கள், அந்தக் குரலை அவர் இன்னும் கேட்கவில்லை.