கூர்க்கன் மாத்திரையும் அம்லோடிபினும்: அப்பாவின் தலைசுற்றல்

நண்பரே, பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிற அப்பா எடை குறைய மருந்துக்கூர்க்கன் மாத்திரையும் எடுக்கிறார், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூர்க்கன் மாத்திரையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். சேலம் பக்கம் வயலில் விளைகிற கிழங்குதான், ஆனால் அதிலுள்ள ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருள் லேசான சரக்கு இல்லை. ரத்தக்குழாய்ச் சுவரின் தசை செல்களில் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியை நேரடியாகத் தூண்டிவிடும், செல்லுக்குள் செய்தி கடத்துகிற சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு கூடும், தசை தளரும், குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். அம்லோடிபினும் அதே தசையைத்தான் தளர்த்துகிறது, கால்சியம் உள்ளே போவதைத் தடுத்து. இரண்டும் சேர்ந்தால் எழும்போது மூளைக்கு ரத்தம் போதாமல் போகலாம். வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் ரொம்பக் கஷ்டம்.

ஆனால் அம்லோடிபினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பாருங்கள், மேல் அளவு 20 இறங்குகிறதா என்று கவனியுங்கள். அந்த எண்களையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அப்புறம், ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஏதாவது சாப்பிடுகிறாரா? ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் ஃபோர்ஸ்கோலின் குறைக்கும், சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம், அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். மயங்கி விழுந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.